போப்பையரும் திருவாசகமும்

மாணிக்கவாசக சுவாமிகள் அருளிச்செய்த திருவாசகம் ஐம்பத்தொரு பதிகங்களையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, மூலத்தோடும் குறிப்புரைகளோடும் உலகத்தார்க்கு அளித்தவர் ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய ஜி. யு. போப் என்பவர். தமிழ்நாட்டார் அவரைப் போப்பையர் என்றே அன்புடன் வழங்குவர். அந்நூல் 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்துக் கிளாரெண்டன் அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தது. வெளிவந்து நூறாண்டு கழிந்த பின்னரும், அந்நூலைப் பற்றிச் சைவர்களிடையே வழங்கும் பேச்சு இரண்டே வகையாக நிற்கின்றது. ஒரு சாரார் அவரை அறுபத்து நான்காம் நாயனார் என்னும் அளவிற்கு உயர்த்திப் பேசுவர். மற்றொரு சாரார், பிற சமயம் பரப்ப வந்தவர் கைபட்ட நூலென்று அதனைத் தொடாது ஒதுக்குவர். இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையுடையர். இவருட் பெரும்பாலார் அந்நூலைத் திறந்து பார்த்தவரல்லர்.

புகழ்வோர் கூறுவனவற்றுள் முதன்மையானவை இரண்டு. தம் கல்லறைமேல் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகின்றான்" என்று பொறிக்குமாறு போப்பையர் வேண்டினார், அவ்வாறே பொறிக்கப்பட்டுளது என்பது ஒன்று. திருவாசகத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் அவர் கண்ணீர் சிந்தி எழுத்துக் கலைந்திருந்தது என்பது மற்றொன்று. முன்னையது பள்ளிப் பாடநூல் தொடங்கிப் பட்டிமன்ற மேடை வரையில் ஏறிவிட்டது. ஆக்ஸ்போர்டு நகரத்துச் செயிண்ட் செபல்கர் இடுகாட்டில் உள்ள அக்கல்லிலோ அத்தகைய வாசகம் யாதும் இல்லை. அவர் தென்னிந்தியாவிற் பணியாற்றியதும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்ததும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பர்களும் சேர்ந்து அக்கல்லை நிறுவினர் என்பதுமே அதிற் குறிக்கப்பட்டுள. தமிழர் பொருளுதவிய கல் என்னும் மெய்ச்செய்தியே போதிய பெருமையுடையதாக இருக்க, இல்லாத வாசகம் ஒன்றைப் படைத்துக்கொண்டது எற்றுக்கோ! கண்ணீர்க் கதை மெய்யாயினும் பொய்யாயினும் ஆகுக. ஒரு மொழிபெயர்ப்பின் தகுதி பெயர்த்தவர் கண்ணீரால் அளக்கப்படுவதன்று. சொல்லாலும் பொருளாலும் அளக்கப்படுவது.

அவர் வரலாறு சிறிது அறிந்தாலன்றி அவர் நூலின் நிறையும் குறையும் விளங்கா. ஜார்ஜ் அக்ளோ போப் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோருடன் இங்கிலாந்திலுள்ள பிளிமத் நகரத்தை அடைந்தார். பத்தொன்பதாம் வயதில், 1839-இல், வெஸ்லியன் சபையின் சார்பாகச் சென்னைக்கு வந்தார். பின்பு அச்சபையை விட்டு ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, 1843-இல் உதவிக் குருப்பட்டமும் 1845-இல் குருப்பட்டமும் பெற்றார். திருநெல்வேலிச் சீமையிற் சாயர்புரத்தில் அமைந்த கல்விச்சாலையே அவர் பணிக்கு முதலிடம். இராமாநுச கவிராயரிடத்து அவர் தமிழ் பயின்றார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அக்காலத்து ஐரோப்பியருட் பலர்க்குத் தமிழ் கற்பித்த பெரும்புலவர் அக்கவிராயர், 1853-இற் காலஞ்சென்றவர்.

1850-களில் தஞ்சாவூரில் அவர் நடந்துகொண்ட முறை அவர் இயல்பை நன்கு காட்டும். அவ்வூர்க் கிறித்துவருள் சாதி வேற்றுமை பாராட்டுதல் பற்றி எழுந்த பூசலில் அவர் சிறிதும் விட்டுக்கொடாது நின்றார். தம் சபையாரைத் தரங்கம்பாடி லூத்தரன் சபையார் கவர்ந்து கொள்கின்றனர் என்று சினந்து, 1853-இல் அவர்கள்மீது ஒரு கண்டன நூலே எழுதி வெளியிட்டார். பின்னர் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியை நிறுவி நடத்தினார். அதன்பின் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமை ஏற்றார். மாணாக்கரை அடக்குவதிற் கடுமையே மிகுந்தவர் என்று பெயர் பெற்றவர். ஆகவே, திருவாசகம் கேட்ட மாத்திரத்தில் மெழுகாய் உருகிய மென்மையாளராக அவரைத் தீட்டும் ஓவியம் வரலாற்றொடு பொருந்துவதன்று. தாம் கொண்ட கொள்கையில் ஊன்றி நின்று, பிற கொள்கையோடு வாதிட்டே வாழ்ந்த வன்மையாளர் ஒருவர், எண்பதாம் அகவையிற் சைவத் திருமுறை ஒன்றன்முன் வந்து நின்றார் என்பதே வியப்பிற்குரியது. எளிதில் உருகுவார் உருகுதல் ஒரு வியப்பன்று.

இவ்வலுவல்களுக்கு இடையிலும் தமிழ்த்தொண்டு நின்றிலது. ஐரோப்பியர் தமிழ் கற்றற்பொருட்டு அவர் எழுதிய கைந்நூல் 1855-இல் வெளிவந்து, பலமுறை திருத்தம்பெற்றுப் பதிக்கப்பட்டது. 'தமிழ்ச் செய்யுட் கலம்பகம்' என்னும் தொகைநூலை 1859-இல் வெளியிட்டார். 1880-களின் தொடக்கத்தில் இந்தியாவை விட்டு நீங்கி, 1884 முதல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். பேலியல் கல்லூரியின் வழிபாட்டுக் குருவாகவும் விளங்கினார். பிறரெல்லாம் ஓய்வுகொள்ளும் அப்பருவத்திலேதான் அவர்தம் பெரும்பணிகள் மூன்றும் நிறைவேறின. 1886-இல் திருக்குறளும், 1893-இல் நாலடியாரும், 1900-இல் திருவாசகமும் ஆங்கிலம் பெற்றன. 1906-இல் இராயல் ஆசியக் கழகத்தார் அவர்க்குப் பொற்பதக்கம் வழங்கினர். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆக்ஸ்போர்டிற் காலமானார்.

திருவாசகப் பணி தொடங்கிய வகையை அவரே முகவுரையிற் கூறியுள்ளார். பேலியல் கல்லூரித் தலைவராகிய பெஞ்சமின் ஜோவெட் என்பார் பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்த பேரறிஞர்; அவரும் ஆங்கிலத் திருச்சபைக் குருவே. ஓரிரவு இருவரும் கல்லூரி முற்றத்தில் உலாவிக்கொண்டிருக்கையில், தமிழ்நாட்டு அடியார் வரலாறுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திருவாசகத்தைப் பெயர்க்க விருப்பமுண்டு, ஆயின் வாழ்நாள் இடங்கொடாது என்று போப்பையர் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, முடிக்கும் வரையில் வாழ்வீர் என்னும் கருத்துப்பட ஜோவெட் அவர்க்கு ஊக்கம் அளித்தார். சொன்னவர் 1893-இல் இறந்தார். கேட்டவர் தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்ரல் 24-ஆம் தேதியிட்டு முகவுரையை முடித்தார். சைவர்கள் இதனைத் திருவருட் செயல் என்பர். அப்பாதிரியாரும் தம் கடவுளின் அருளென்றே எண்ணியிருப்பர்.

இனி நூலை நோக்குவோம். திருவாசகத்திற்குப் பொருள் எழுதப் புகுவார் எவர்க்கும் முதற்கண் எதிர்நிற்பது தில்லையில் நிகழ்ந்ததாகத் திருவாதவூரடிகள் புராணம் கூறும் நிகழ்ச்சியாகும். தில்லைவாழந்தணர் திருவாசகத்தின் பொருள் யாதென வினவ, அடிகள் அவரை அழைத்துச் சென்று, பொன்னம்பலத்து ஆடும் பெருமானைச் சுட்டி, இவரே இதன் பொருள் என்றருளி, அவ்வொளியிற் கலந்தனர். இந்நிகழ்ச்சியை உட்கொண்டே சைவப் பெரியோர் பலர் இத்திருமுறைக்கு உரை காண அஞ்சினர். ஓதுதலும் உருகுதலுமே அமையும் என்றனர். போப்பையர் அடிகள் வரலாற்றை அப்புராணத்தின் வழியே ஆங்கிலத்திற் சுருக்கித் தந்தவராதலின் இந்நிகழ்ச்சியை அறியாதவரல்லர். அறிந்தும் பொருளெழுதப் புகுந்தது துணிவே. எனினும் அத்துணிவு பழித்தற்குரியதன்று. தில்லையிற் சென்று கண்டறியும் பேறில்லாத நாட்டார்க்கு, இப்படி ஒரு பாட்டு உண்டு என்னும் அளவிற்கேனும் அறிவித்தல் வேண்டுமன்றோ? மேலும், உரை காண அஞ்சிய பெரியோர்களின் அச்சம் பத்தியினாலாயது. பின்வந்தோர் பலர் வாளாவிருந்ததோ சோம்பலினாலாயது. அச்சத்தின் பெயரால் சோம்பலை மறைத்தல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரையில் முழுத் திருவாசகத்தையும் பிறமொழியாளர்க்கு எடுத்துரைக்கத் தமிழ்நாட்டுச் சைவர் ஒருவரும் முன்வந்திலர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

மொழிபெயர்ப்பிற் சிறந்து நிற்கும் இடங்கள் எவை என ஆராயின், அவை அடிகள் தம் சிறுமையை எண்ணி இரங்கும் பதிகங்களாகும். நீத்தல் விண்ணப்பத்தில், கைவிடாதே என்று மீட்டும் மீட்டும் முறையிடும் அக்குரல் போப்பையர் செவியிற் புதிதாக ஒலித்ததன்று. யூதர்களின் பழைய சங்கீதங்களை இளமை முதல் நாடோறும் ஓதி வந்தவர் அவர். தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்து இறைவனைப் புகலடையும் முறை அவ்வோதலில் அவர்க்குப் பழகியிருந்தது. அதனால் அப்பதிகத்தின் துடிப்பு ஆங்கிலத்திலும் ஓரளவு வந்திருக்கின்றது. அடிகள் தம்மை நாயென இழித்துக் கூறிக்கொள்ளும் இடங்களையும் அவர் கூசி மறைத்திலர். அதன் தாழ்மையை உணர்ந்தே பெயர்த்தார்.

அம்மானை, பொற்சுண்ணம், உந்தி, தோணோக்கம், பொன்னூசல் முதலிய விளையாட்டுப் பதிகங்களிலோ அவர் தோற்றார் என்றே கூறல் வேண்டும். அது அவர் குற்றமன்று. மகளிர் கைகொட்டியும் காயெறிந்தும் ஊசலாடியும் பாடும் பாட்டிற்கு ஓசையே உயிர். தமிழ்ச் செய்யுளின் எதுகையும் மோனையும் அடியின் முதலிலும் சீரின் முதலிலும் நின்று ஒலிப்பன. ஆங்கிலச் செய்யுளின் இயைபோ அடியின் இறுதியில் நிற்பது. முதலில் தாளங்கொட்டும் பாட்டை இறுதியில் தாளங்கொட்டும் பாட்டாக மாற்றின், விளையாட்டு மறைந்து விளக்கம் மட்டும் எஞ்சுகின்றது. அவ்விளையாட்டுக்கள் இன்னவை என அவர் எழுதிய குறிப்புக்கள் பயனுடையன. ஆயினும் ஊசலைப் பற்றி அறிதல் வேறு, ஊசலாடுதல் வேறு.

இவை இலக்கியம் பற்றியன. சாத்திரம் பற்றிய இடத்திலேயே சைவர்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். திருவாசகத்தின் பொருளை விளக்கும் பொருட்டுப் போப்பையர் சித்தாந்தக் கொள்கையையும் எடுத்து எழுதினார். உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயனையும் துணையாகக் கொண்டார். சாத்திரத்தின் துணையின்றித் தோத்திரம் விளங்காது என்பதை அறிந்து அவ்வாறு செய்தமை மிகவும் பாராட்டத்தக்கது. இந்திய நாட்டுச் சமயங்களுள் உள்ளீட்டால் மிக்க மதிப்புடையது சைவசித்தாந்தமே என்னும் கருத்தையும் அவர் தயங்காது எழுதினார். இவ்வொரு கூற்றை மேடைதோறும் எடுத்துக்காட்டுவோர் பலர். அதே நூலில் அவர் பயன்படுத்திய சொற்களை நிறுத்துப் பார்த்தோர் சிலரே.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுட் பசு என்பதனை அவர் மந்தை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லாற் குறித்தார். மேற்பார்வைக்கு இது பொருத்தமாகவே தோன்றும். பதி தலைவன், பசு அவன் மந்தை, பாசம் கயிறு என்றால் உவமை முழுமை பெறுகின்றதன்றோ எனலாம். ஆயின் அச்சொல் ஆங்கிலக் கிறித்துவர் செவியிற் புகுந்தவுடன் எழுப்பும் உருவம் யாது? மேய்ப்பனும் அவனை விட்டு வழிதவறிய ஆடுகளுமே. கிறித்துநாதரைத் நல்ல மேய்ப்பராகவும் சபையாரை அவர் மந்தையாகவும் கருதுவது அவர்கள் வழக்கம். அவ்வுருவத்தில் ஆடு முதலில் மந்தையில் இருந்தது, பின்பு தவறிற்று, மேய்ப்பன் தேடிச்சென்று மீட்டான். சித்தாந்தத்திலோ உயிர் எந்நாளும் தவறிப்போனதன்று. அஃது அநாதியே பாசத்தாற் கட்டுண்டு கிடப்பது. கட்டுண்டமையாலேயே பசு எனப் பெயர் பெற்றது. கட்டுதல் என்னும் பொருளுடைய வடமொழி அடியிலிருந்தே பசு, பாசம் என்னும் இரு சொல்லும் பிறந்தன. ஆகவே அப்பெயரில் முதன்மையாக நிற்பது கட்டே, கூட்டமன்று, மேய்ச்சலன்று. மந்தை என்றவுடன் கட்டு மறைகின்றது. கட்டு மறையவே ஆணவமலம் அநாதி என்னும் கொள்கையும் உடன்மறைகின்றது. செம்பிற் களிம்புபோல உடனுறைவதாகிய மூலமலம், ஆதி மனிதன் கட்டளை மீறியதால் பின்வந்து சேர்ந்த பாவமாக வாசகர் உள்ளத்தில் உருமாறிவிடுகின்றது. ஒரு சொல் செய்யும் வேலை இத்துணைப் பெரிது!

அற்றேல், திருவருட்பயனின் இரண்டாம் அதிகாரத்திற்கு 'உயிரவை நிலை' என்றன்றோ பெயர். அவை என்பது கூட்டத்தைக் குறிப்பதன்றோ. அதனைத் தழுவியே போப்பையர் மந்தை என்றார் எனின் இழுக்கென்னை? என ஒருவர் வினவலாம். நல்ல வினாவே. உயிர்கள் எண்ணிறந்தன என்பதை அப்பெயர் உணர்த்துவது உண்மை. பன்மையை அறிவித்தற்பொருட்டே அச்சொல்லை அவர் தேர்ந்தனர் எனின் ஒருபுடை அமையும். ஆயினும் அவை என்பது அறிவுடைப் பொருள்களின் தொகுதியை உணர்த்தும் பெருமைச் சொல். மந்தை என்பது தன்னறிவின்றி ஓட்டப்படுவதை உணர்த்தும் சொல். உயிர் சிற்றறிவுடையதாயினும் அறிவுடைய சித்துப்பொருள் என்பது மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய முடிபு. அறிவித்தால் அறியும் அப்பொருளை ஆட்டுமந்தையாக்குதல் பொருந்தாது.

அருள் என்பதற்கு அவர் வழங்கிய ஆங்கிலச் சொல்லும் இவ்வாறே ஆராய்தற்குரியது. கிறித்துவ மறைநூலார் அச்சொல்லால் குறிப்பது, தகுதியில்லாத மனிதனுக்குக் கடவுள் தம் விருப்பாற் கொடுக்கும் கொடையை. கொடுப்பவன், கொடை, கொள்பவன் என மூன்றும் அங்கு வெவ்வேறு நிற்கும். சித்தாந்தத்தில் அருள் என்பது சிவனின் வேறாகாத சத்தி. ஞாயிறும் அதன் ஒளியும்போலத் தாதான்மியமாய் நிற்பது. அச்சத்தியே பெத்தநிலையில் திரோதமாய் நின்று மறைத்தலைச் செய்யும். மலத்தைத் தொழிற்படுத்துதலால் மலம் என்றும் உபசாரமாகப் பெயர் பெறும். இருவினையொப்பும் மலபரிபாகமும் நேர்ந்தபோது அதுவே சத்திநிபாதமாய்ப் பதிந்து விளங்கும். மறைத்தலும் அருளே என்னும் இந்நுட்பம் ஆங்கிலச் சொல்லில் அடங்காது. மறக்கருணை, அறக்கருணை என்று சைவர் கூறுவதைப் போப்பையர் நாட்டார் கேட்பின், கருணையில் மறம் ஏது என்று திகைப்பர். வேறு சொல் கிடையாமையால் அவர் அச்சொல்லை ஆண்டார். அதனைக் குறை கூறுவதற்கில்லை; ஆனால் குறிப்புரையில் அவ்வேறுபாட்டை இன்னும் விரித்து விளக்கியிருத்தல் வேண்டும். இன்று வெளிநாடுகளிற் பிறந்து வளரும் சைவப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் வாயிலாகவே அருள் என்பதை முதலிற் கேட்கின்றனர். அவர்கள் உள்ளத்திற் பதிவது சத்திநிபாதமோ, பாதிரிமார் பேசும் கொடையோ என்பது எண்ணத்தக்கது. பழைய நூலொன்றைப் பற்றி இத்துணை விரித்துப் பேசுவதற்குக் காரணமும் இதுவே.

குரு என்னும் சொல்லில் ஒரு வேடிக்கை உளது. தமிழ்க் கிறித்துவர் தம் சபைப் பணியாளரையே குரு என்றும் குருவானவர் என்றும் வழங்குவர். அவ்வழக்கின்படி போப்பையரும் ஒரு குரு. திருப்பெருந்துறையிற் குருந்த மரத்து நீழலில் எழுந்தருளி வாதவூரரை ஆட்கொண்டவரும் குரு. இரண்டிற்கும் உள்ள தொலைவை அவர் உணர்ந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும், இறைவனே மானிட வடிவில் வந்து ஆட்கொண்டான் என்று கேட்டவுடன் கிறித்துவ வாசகர்க்கு அவதாரக் கொள்கையே முன்வந்து நிற்கும். சிவபெருமான் கருவிற் புகுந்து பிறப்பவனல்லன் என்பது சைவத்தின் உறுதிப்பாடு. குருவடிவம் அருளே திருமேனியாகக் கொண்டது. வினைவழி வந்த உடம்பன்று. பிறந்து வளர்ந்து இறப்பதன்று. திருவருட்பயனில் 'அருளுரு நிலை' என ஓரதிகாரமே இதன்பொருட்டு அமைந்தது.

எல்லாவற்றினும் சைவர் உள்ளத்தைப் புண்படுத்துவது மற்றொன்று. இப்பாடல்களில் உயர்ந்த ஆன்ம உணர்ச்சியும் மிக இழிந்த விக்கிரக வணக்கமும் விநோதமாகக் கலந்து கிடக்கின்றன என்னும் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். அவரைப் போற்றுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வர். தூற்றுவோர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். இரண்டும் முறையன்று. ஐம்பதாண்டு தமிழ் பயின்ற ஒருவர் இவ்வாறு எழுத நேர்ந்தது எவ்வாறு என்று ஆராய்வதே கடன்.

அவர் திருவாசகத்தை இரண்டாகப் பிளந்து நோக்கினார். உருகும் உள்ளம் ஒருபுறம், அவ்வுள்ளம் உருகி நிற்கும் திருவுருவம் மறுபுறம். முன்னையதைக் கொண்டு பின்னையதைத் தள்ளலாம் என எண்ணினார். தில்லைக் கூத்தனையும் பெருந்துறையானையும் உத்தரகோசமங்கை அரசையும் நீக்கிய பின்பு அப்பாட்டில் எஞ்சுவது யாது? அடிகள் உருகியது பெயரும் ஊரும் இல்லாத ஒரு கருத்தை நோக்கியன்று. சித்தாந்தம் இறைவனுக்கு அருவம், அருவுருவம், உருவம் என மூவகைத் திருமேனி கூறும். மூன்றும் அருளால் அமைவன. எங்கும் நிறைந்த பொருள் ஓரிடத்து வெளிப்படுதல், பசுவின் உடம்பெங்கும் உள்ள பால் மடியின்வழிச் சுரத்தல் போலாம் என்பது பெரியோர் காட்டும் உவமை. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் சீவன்முத்தர்க்கும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலை விதிக்கின்றது. அஃதாவது ஞானம் பெற்றவனும் திருக்கோயிலை விடுவதில்லை. கோயில் வழிபாடு அறியார்க்கு வைத்த முதற்படி, அறிந்தார் அதனைக் கடப்பர் என்னும் எண்ணம் சித்தாந்தத்தினதன்று. போப்பையர் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்தை உள்ளங்கொண்டு மீண்டும் திருவாசகத்தை ஓதியிருப்பரேல், அவ்விரண்டும் விநோதக் கலப்பல்ல, ஒன்றே என்பது தோன்றியிருக்கும்.

அவர் சபையினரும் திருவிருந்தில் மந்திரித்த அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் வெறும் உணவாகக் கொள்வதில்லை. சடப்பொருளின்வழி இறைவன் எதிர்ப்படுவான் என்பதைத் தம் கோயிலில் ஒப்பி, பிறர் கோயிலில் மறுத்தார். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் வாதிட்டுப் பழகிய வாய் ஆக்ஸ்போர்டிலும் இடையிடையே பேசியது என்று கொள்ளுதல் தகும்.

திருக்குறளிலும் இத்தகைய இடறலொன்று நேர்ந்தது. 1886-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் முகவுரையில், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்துவப் போதகர் உபதேசங்களைக் கேட்டிருத்தல் கூடும், அவர் நூலுக்கு அம்மறையும் ஒரு மூலமாம் என்னும் ஊகத்தை அவர் வெளியிட்டார். அதற்கு இயையக் குறளின் காலத்தையும் மிகப் பின்தள்ளினார். மறுபிறப்பும் ஊழும் புலால் மறுத்தலும் அடிப்படையாக நிற்கும் ஒரு நூலுக்கு அவ்வாறு மூலங் காணுதல் பொருந்தாமை வெளிப்படை. இதனை இங்கு நீட்டிக்க வேண்டுவதில்லை. மறுப்புக்கள் அக்காலத்திலேயே எழுந்தன.

இத்துணைக் குறை கண்டபின்னும் அவர் நூலை ஒதுக்கலாகாது என்பதற்குக் காரணம், அவர்க்கு முன்னும் பின்னும் உள்ளாரோடு ஒப்பிட்டு நோக்கின் விளங்கும். ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1854-இல் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். சாத்திரம் மட்டும் வந்தது, தோத்திரம் வந்திலது. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள் 1895-இல் சிவஞானபோதத்தையும், தொடர்ந்து திருவருட்பயனையும் சைவருள்ளிருந்தே ஆங்கிலத்தில் தந்தனர். அவர்கள் 1897-இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' என்னும் பத்திரிகை போப்பையருடைய மொழிபெயர்ப்புக்களையும் ஏற்று வெளியிட்டது. சொல்லில் மாறுபாடுண்டாயின் வாதிடுவது, உழைப்பிற்கு உரிய மதிப்பைத் தருவது என்பதே அப்பெரியோர் ஒழுகிய நெறி. ஜெர்மன் நாட்டு லூத்தரன் பாதிரியார் ஷோமரஸ் 1912-இல் சைவசித்தாந்தத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி, 1923-இல் திருவாசகத்தை ஜெர்மனிற் பெயர்த்தார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் அதன் பின்னும் இரத்தினா நவரத்தினம் அம்மையார், கோ. வன்மீகநாதன் முதலிய சைவர்களே ஆங்கிலத்தில் முயன்றனர். அவர்கள் உள்ளிருந்து எழுதினர். கொள்கைப் பிழை குறைவு. எனினும் அவ்வழி முதன்முதற் காடு திருத்தியவர் போப்பையரே என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

பாதிரியார் ஒருவர் திருவாசகத்தைத் தொட்டதனால் அதற்கு மாசு நேர்ந்ததென்பார் கூற்று சைவ நூல்களுக்கே முரணானது. யாதொரு தெய்வத்தை எவர் வழிபடினும் ஆங்கே அருளுபவன் மாதொரு பாகனே என்பது சித்தாந்தத்தின் துணிபு. புறச்சமயத்தில் நின்று அதன் ஒழுக்கத்தைப் பழுதின்றி ஆற்றுதலும் சைவத்தை அணுகும் படிகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணப்படுகின்றது. அப்படிகளில் அவர் எத்துணை ஏறினார் என அளத்தல் மாந்தர்க்கு உரியதன்று. அவர் எழுதிய சொல்லை அளத்தல் உரியது.

இப்பொழுது வேண்டப்படுவது அவர் சிலைக்கு மாலையிடுவது மட்டுமன்று. 1968-இல் நிகழ்ந்த உலகத்தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அச்சிலை நாட்டப்பட்டது. அதற்கு மாலைகள் குறைவில்லை. வேண்டுவது, அவருடைய திருவாசக நூலை மூலத்தோடும் அவர் குறிப்புரைகளோடும் ஒருசொல்லும் மாற்றாமற் பதித்து, அதன் அடியில் சித்தாந்தங் கற்ற புலவரும் ஆங்கிலம் வல்லாரும் கூடியமர்ந்து திருத்தக் குறிப்புக்களை எழுதிச் சேர்ப்பது. பசு, ஆணவம், அருள், திரோதானம், சத்திநிபாதம், திருமேனி, குரு என்னும் சொற்களுக்கேனும் விரிவான குறிப்பு அமைதல் வேண்டும். தமிழறியாப் பிள்ளைகள் கையில் அப்பதிப்பைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். திருமடங்களில் இதற்குரிய பொருளும் உண்டு, சிவஞான முனிவரின் மாபாடியத்தை முறையாகப் பாடங்கேட்டவர்களும் இன்னும் உளர். தொடங்குவோர் மந்தை என்னும் சொல்லிலிருந்து தொடங்குக.